சந்திரமதிக்குச் சேலை கொடுத்தவள்

போன பொங்கலுக்கு எங்க காலனிப் பிள்ளைங்க வெண்மணி நாடகம் போட்டாங்க. காரைக்காலுக்கு மேற்கே, நெடுங்காட்டுப் பக்கம் எங்க ஊர். பேரைச் சொல்லலே, பிள்ளைங்க மனசு நோகும். நல்லாத்தான் போட்டாங்க. பண்ணையாரா வந்த பையன் நிஜமாவே நெஞ்சில பயத்தை உண்டாக்கினான். ஆனா 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில எரிஞ்சு போன 44 பேர்ல பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்தப் பெண்கள் அத்தனை பேரும் எங்க மேடையில மீசை மழிச்ச பையன்களா இருந்தாங்க. குடிசை எரியுற கட்டத்துல ஒரு பையன் சவுரிமுடி நழுவ மாரில அடிச்சுக்கிட்டு அழுதான். முன்னால உட்கார்ந்திருந்தவங்க சிரிச்சுட்டாங்க.

வெண்மணிக்குச் சிரிப்பு. நம்ம சனமே, நம்ம தெருவிலேயே.

திரைக்குப் பின்னாடி நின்னு வசனம் எடுத்துக் கொடுத்தது யார் தெரியுமா? என் தம்பி மக. பதினொண்ணாவது படிக்கிறா. எல்லாப் பாத்திரத்தோட வசனமும் அவளுக்கு மனப்பாடம். நாடகம் முடிஞ்சதும் பையன்களைக் கேட்டேன், "ஏம்ப்பா, இவளை ஏத்தியிருக்கலாமில்ல?" ஒருத்தன் சொன்னான்: "நாங்க வேணாம்னா சொன்னோம் அத்தை? பொட்டப்புள்ளைய மேடையேத்துனா நாளைக்கு எவன் கட்டுவான்னு பெரியவங்க கேக்குறாங்க."

இந்தக் கேள்வி எங்க சேரியில முளைச்சதல்ல. இதுக்கு நூறு வருசத்துக்கும் மேலான வயசு. தமிழ் நாடக மேடை அதை வளர்த்துச்சு. அந்த மேடையை எதிர்த்து நிற்கிறதா சொல்ற நாம இன்னும் அதைச் சுமந்துக்கிட்டிருக்கோம். அதைப் பேசத்தான் இதை எழுதுகிறேன்.

எங்க தாத்தா ஸ்திரீபார்ட். சேரியில அரிச்சந்திரா போட்டா சந்திரமதி அதுதான். வேசத்துக்குச் சேலை அப்பாயியோடது. அப்பாயிகிட்ட இருந்த நல்ல சேலை ஒண்ணே ஒண்ணு. நாடகம் நடக்கிற ராத்திரி அதைத் தாத்தா கட்டிக்கும். அப்பாயி பழங்கந்தலைச் சுத்திக்கிட்டு, பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் எட்டாத இடத்துல உட்கார்ந்து பார்க்கும்.

லோகிதாசனைப் பாம்பு கடிச்சு, பிள்ளைப் பொணத்தைத் தூக்கிக்கிட்டு சந்திரமதி சுடுகாட்டுக்கு வர்ற கட்டம் இருக்கே, அங்கே வாத்தியார் சொல்லிக் கொடுத்த பாட்டை விட்டுட்டு தாத்தா ஒப்பாரி வைக்கும். தெருவே அழும். சேலையில ரூபா நோட்டைக் குத்துவாங்க. அந்த ஒப்பாரி அப்பாயியோடது. எட்டுப் பெத்து மூணு தங்கின பொம்பளை அது. செத்த பிள்ளைங்களுக்கு அது வச்ச ஒப்பாரியை வார்த்தைக்கு வார்த்தை தாத்தா எடுத்துக்கிச்சு. அப்பாயி ஒப்பாரிக்குப் பேர் போனது. ஆண்டை வீட்டு எழவுக்கும் ஆளனுப்பிக் கூப்பிடுவாங்க. படி நெல்லு கூலி. ஒரு தடவை நான் கேட்டேன், "ஏன் அப்பாயி, நீயே ஏறி அழ வேண்டியதுதானே?" அது வெத்தலையைத் துப்பிட்டு சொன்னது: "நான் வச்சா ஒப்பாரி, அவரு வச்சா நாடகம்."

விடிஞ்சா சந்திரமதி வேசத்தைக் கலைச்சுட்டுத் தாத்தா சாராயக்கடைக்குப் போகும். திரும்பி வந்து அப்பாயியை அடிக்கும். ஊரே அழுத அந்தப் பத்தினிக்குக் கிடைச்ச இரக்கத்துல ஒரு துளி எங்க வீட்டுக்கு வரலே. தாத்தாவைக் குறை சொல்றதுக்காக இதை எழுதலே. அதுவும் பண்ணையாளாப் பொறந்து, பண்ணையாளாச் செத்த மனுசன்தான். மேடையில ஒரு ராத்திரி மட்டுந்தான் அது ராணி. ஆனா அந்த ராணியும் யார் சேலையில, யார் குரல்ல நின்னான்னு கேட்காம இருக்க முடியலே.

சேரி நாடகத்துக்கு இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? பெண் வேடத்தை ஆண் கட்டுவது தெருக்கூத்தில் பழைய வழக்கம்தான். அதையே ஒரு தொழில் ஒழுக்கமாக, கம்பெனிச் சட்டமாக ஆக்கியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து மேடை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். முழுக்கச் சிறுவர்கள். குரல் உடையாத பையன்களுக்கு ஸ்திரீபார்ட், குரல் உடைந்தால் வேறு வேடம் அல்லது வீடு. ஊர் ஊராகப் போன பாய்ஸ் கம்பெனிகள் எல்லாவற்றிலும் இதே நடைமுறைதான். சுவாமிகள் 1922இல் பிரெஞ்சுப் புதுச்சேரியில் இறந்தார்; சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. நாடகக் கலைஞர்கள் இன்றும் தலைமையாசிரியர் என்று வணங்குகிறார்கள். வணங்கட்டும். அவர் பாட்டிலும் வசனத்திலும் பிழைத்த குடும்பங்கள் ஆயிரம். ஆனால் வணக்கத்துக்கு நடுவே கேள்வி கேட்கக் கூடாது என்று சட்டமில்லை.

மேல்தட்டுக்காரர்களின் மேடையிலும் இதே கதைதான். பம்மல் சம்பந்த முதலியார் முதலானோர் 1891இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையில் வக்கீல்களும் அதிகாரிகளும் நடித்தார்கள். பம்மல் முதலியார் நாயகன் என்றால் ரங்கவடிவேலு நாயகி. படித்த கனவான் சேலை கட்டினால் அது கலைச்சேவை. ஒரு பெண் அதே சேலையோடு அதே மேடையில் நின்றால் அவள் தாசி, கூத்தாடிச்சி. ஔவையார் வேடம் கட்டி ஔவை என்றே பட்டம் பெற்றவர் டி.கே. சண்முகம் என்ற ஆண். அவர் நடிப்பின் மேல் எனக்குக் குறை இல்லை. எந்தப் பெண்ணும் வேண்டாத கிழவி வேடத்தில்கூட ஒரு ஆண்தான் தமிழர்களின் நினைவில் நின்றார் என்பதைத்தான் சொல்கிறேன்.

சரி, இந்த ஆண்கள் கட்டிய பெண் வேடங்கள் எப்படிப்பட்டவை? வரிசையாகப் பாருங்கள். சந்திரமதி: புருசன் தன் சத்தியத்துக்காக விற்றால் விலைபோக வேண்டும். சாவித்திரி: புருசன் செத்தால் எமன் பின்னால் போக வேண்டும். கண்ணகி: புருசன் வேறொருத்தியிடம் போனாலும் காத்திருக்க வேண்டும்; குற்றம் மாதவி தலையில். நல்லதங்காள்: ஏழு பிள்ளைகளோடு கிணற்றில் விழ வேண்டும், அப்போதும் குற்றம் அண்ணி மூளி அலங்காரி தலையில், அண்ணன் நல்லதம்பி நல்லவன். அல்லி: ஆணில்லாமல் நாடாண்டவள், அவள் தூங்கும்போது கள்ளத்தனமாகத் தாலி கட்டிய அர்ச்சுனன் வீரன். வள்ளி: தினைப்புனம் காக்கும் குறவர் வீட்டுப் பெண்; வேடனாய், கிழவனாய் வந்து வழிமறித்து, யானையை விட்டுப் பயமுறுத்திச் சம்மதிக்க வைத்தால் அதற்குப் பெயர் திருமணம். வள்ளிக்கும் முருகனுக்கும் தர்க்கம் என்று ஒரு கட்டம் உண்டே, அதில் வள்ளி எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசினாலும் கடைசியில் தோற்கத்தான் வேண்டும். கதை அப்படி.

இதை வெறும் ஆணாதிக்கம் என்று சொல்லிவிட்டு நகர முடியாது. அண்ணல் அம்பேத்கர் 1916இல், இருபத்தைந்து வயதில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சாதி பற்றி ஒரு கட்டுரை படித்தார். சாதி என்பது அகமணம். அகமணத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் பெண்ணை அடக்க வேண்டும். அதற்குத்தான் உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் என்று விளக்கினார். பெண்ணின் உடம்புதான் சாதியின் வாசல்படி என்பது அதன் சாரம். இங்கே கம்பெனி நாடகங்கள் கொட்டகை நிரம்ப ஓடிக்கொண்டிருந்த அதே காலத்தில் அங்கே அவர் அதைச் சொன்னார். சாவித்திரியும் சந்திரமதியும் விடிய விடியக் கற்பித்த பாடமும் அந்த வாசல்படிக்குக் காவல் போடுவதுதான். சந்திரமதியின் தாலி புருசன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் என்று அரிச்சந்திரன் கதையில் வருகிறது. அந்தப் பெண் யாருக்குச் சொந்தம் என்பதைச் சுடுகாட்டு இருட்டிலும் காட்டிக் கொடுக்கும் அடையாளம் அது. அதே சுடுகாட்டில் இன்னொரு அடையாளமும் உண்டு. ராசா ஒரு வெட்டியானுக்கு, வீரபாகுவுக்கு அடிமையாகிவிட்டான் என்பதுதான் அந்தக் கதையின் உச்சகட்டக் கேவலம். பெண்ணுக்குத் தாலி, நமக்குச் சுடுகாடு. இரண்டையும் ஒரே கதையில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் நம் தாத்தாக்கள் நம் தெருவிலேயே ஆடினார்கள்.

பெண்கள் மேடையேறவே இல்லையா? ஏறினார்கள். பக்கத்துக் கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களையே வைத்துக் கம்பெனி நடத்தினார். ஆண் வேடத்தையும் பெண்களே கட்டினார்கள். அவர் நாடகத்துக்குச் சனங்களை ஏற்றிவரத் தனி ரயில் ஓடியது என்று இன்னும் பேசுகிறார்கள். பேசுகிறவர்கள் அவர் அழகைப் பேசுவார்கள், ரயிலைப் பேசுவார்கள். ஒரு பெண் முதலாளியாக இருந்து இத்தனை பெண்களுக்குச் சம்பளம் கொடுத்தாள் என்பதைப் பேசுவதில்லை. கடைசியில் அவர் வறுமையில் செத்தார். அந்தப் பெண்களை மேடையில் பார்க்கக் காசு கொடுத்த கனவான்கள் யாரும் தங்கள் வீட்டுப் பெண்களை அவர்களோடு உட்காரக்கூட விடவில்லை. பொட்டுக் கட்டும் வழக்கத்துக்கு எதிராக மூவலூர் ராமாமிர்தம் அம்மாள் 1936இல் நாவல் எழுதியது இந்தக் கனவான்களின் முகத்திரையைக் கிழிக்கத்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மேடைப் பெண்கள் ஒடுக்கப்பட்டார்கள் என்பதால் அவர்கள் சாதியற்றவர்கள் ஆகிவிடவில்லை. தேசபக்திப் பாட்டுக்காகப் பலமுறை சிறை போன எஸ்.எஸ். விஸ்வநாத தாஸ் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர். அவருக்கு ஜோடியாக நடிக்கச் சாதியைச் சொல்லி மறுத்த நடிகைகள் இருந்ததாக நாடக வரலாற்றை எழுதியவர்கள் பதிந்திருக்கிறார்கள். அவர் 1940 டிசம்பர் 31 இரவு முருகன் வேடத்தில் மயில்மேல் இருந்தபடியே செத்தார். பெண் என்றால் எல்லாப் பெண்ணும் ஒன்று என்கிற பெண்ணியத்துக்கு நம் பதில் இதுதான். தலித் என்றால் எல்லாத் தலித்தும் ஒன்று என்கிற நம் தோழர்களுக்குப் பதில் இனிமேல்தான் வருகிறது.

எங்க காரைக்காலுக்கு வருகிறேன். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை 1860களின் தொடக்கத்தில், காரைக்காலில் இருந்த ஒரு பிரெஞ்சு அதிகாரியின் ஆதரவில்தான் அச்சேறியது. கதாகாலட்சேபத்திலிருந்து நாடகத்துக்குப் போய், பிறகு சினிமாவுக்கும் போனது. பறையனைப் பற்றி மேல்சாதிக்காரன் கண்ணீர் விட்டுக் கேட்ட முதல் கதை என்று அதைப் பெருமையாகச் சொல்வார்கள். நந்தனுக்கு ஒரு வேதிய ஆண்டையை அதில்தான் வைத்தார்கள். சேக்கிழாரிடம் அந்த ஆண்டை கிடையாது. சிதம்பரம் போக வேண்டுமானால் 40 வேலி நிலத்தையும் விளைவித்து முடி என்கிறான் ஆண்டை. 40 வேலி என்றால் ஏறக்குறைய 265 ஏக்கர். ஒரே ராத்திரியில் சிவன் அருளால் விளைந்துவிடுகிறது.

நான் நடவு வயல் வரப்பில் வளர்ந்தவள். எனக்கு அந்த அற்புதம் விளங்கவே இல்லை. நாற்று நட்டது யார்? களை பறித்தது யார்? கருக்கரிவாளோடு கதிர் அறுத்தது யார்? 265 ஏக்கர் நடவு என்றால் எத்தனை நூறு பொம்பளையாள் வேண்டும்! அத்தனை பேர் முதுகையும் ஒரே இரவில் துடைத்து எறிந்துவிட்டுப் பூதகணங்கள் செய்தன என்கிறது கதை. நந்தனுக்குப் பெண்டாட்டி இல்லை. பிள்ளை இல்லை. சேக்கிழார் சேரியை வருணிக்கும்போது நெல் குத்திப் பாடும் பெண்களையாவது காட்டினார்; ஒருத்திக்கும் பேர் கிடையாது. மேடைக்கு வந்த நந்தன் தனியாள். ஏன்? பெண்டாட்டி பிள்ளையோடு ஒரு பறையன் சிதம்பரம் கோயிலுக்கு வந்து நின்றால் அது பக்தி இல்லை, உரிமை. நாளைக்கு அவன் பிள்ளையும் வரும். தனியாளாக வருகிறவனைத் தீயில் இறக்கிவிடலாம்.

நாடக மேடையிலிருந்து வந்த கே.பி. சுந்தராம்பாள் 1935இல் நந்தனாராகவே படத்தில் நடித்தார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் ஊரே வாய் பிளந்த தொகை. பெண் வேடம் ஆண் கட்டிய காலம் போய், பறையன் வேடம் ஒரு பெண் கட்டினார். எனக்கும் இதில் சந்தோசம்தான். ஆனால் அவர் எந்த நிலையில் வந்து நின்றார்? எஸ்.ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில் இறந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. அன்றிலிருந்து 1980இல் சாகும்வரை வெள்ளைச் சேலை. அதன்பிறகு மக்கள் கையெடுத்துக் கும்பிட்ட வேடங்கள் எவை? நந்தனார், ஔவையார், அப்புறம் 1973இல் எங்க ஊர் காரைக்கால் அம்மையார். ஆண், கிழவி, பேய். அம்மையார் கதை உங்களுக்குத் தெரியும்தானே. புருசன் பயந்து ஓடிப்போய் வேறு கல்யாணம் செய்துகொண்டதும், அவனுக்காகச் சுமந்த சதை எனக்கெதற்கு என்று உதறிவிட்டுப் பேயுரு கேட்ட புனிதவதி. ஆனி மாதம் காரைக்காலில் மாங்கனித் திருவிழா. அவர் உதறிய கல்யாணத்தை வருசா வருசம் நடத்தி வைத்து, வீசுகிற மாம்பழத்தைப் பிள்ளை வரம் வேண்டிப் பொம்பளைங்க முந்தானையில் ஏந்துகிறோம். ஒரு பெண் தன் பெண்ணுடம்பைக் கழற்றி வைத்தால்தான் இந்த மேடை அவளுக்கு மரியாதை கொடுக்கும். இதுதான் அது போட்ட விதி.

பின்னால் வந்தவர்கள் மாற்றினார்களா? இந்திரா பார்த்தசாரதி 1978இல் எழுதிய நந்தன் கதை நாடகத்தில் நந்தன் அற்புதத்தால் சாகவில்லை, சதியால் எரிக்கப்படுகிறான். நல்ல திருப்பம். நந்தனுக்கு ஒரு பெண் துணையும் வருகிறாள்: அபிராமி. யார் அவள்? ஆடல் தெரிந்த தேவதாசி. முற்போக்கு நாடகத்திலும் நந்தனுக்கு ஜோடியாக நிற்க ஒரு பறைச்சி கிடைக்கவில்லை.

நம் பக்கம் கே.ஏ. குணசேகரன் பலி ஆடுகள் எழுதினார். தலித் நாடகம் என்று நாம் முதலில் கொண்டாடியது அதைத்தான். அதில் நரபலிக்குப் பிடிக்கப்பட்ட தலித் ஆண் தனக்குப் பதிலாகத் தன் பெண்டாட்டியைக் கொடுக்கிறான். சில தோழர்களுக்குக் கசந்திருக்கும். தலித் பெண் தலித்துக்கும் தலித் என்று நம் ஆள் ஒருவரே மேடையில் வைத்து நம்மைக் கேட்டுவிட்டார். அந்தக் கேள்வியைப் பாராட்டினோம், பல்கலைக்கழகத்தில் பாடமாகவும் பேசினோம். தெருவுக்குக் கொண்டு வரலே.

எங்க ஊர்ப் பெரியவர் ஒருத்தர் இன்னொரு காரணமும் சொன்னார். அது லேசுப்பட்டதில்லே. "மேலத்தெருக்காரன் கண்ணுல நம்ம பொண்ணுங்களை எதுக்கும்மா காட்டணும்? விசிலடிப்பான், நாளைக்குக் கைய நீட்டுவான்." இந்தப் பயத்தில உண்மை இருக்கு. நம்ம பெண்கள் மேல எத்தனை கை நீண்டிருக்குன்னு எனக்கும் தெரியும். ஆனா ஒண்ணு கேக்குறேன் ஐயா. அதே மேலத்தெருக்காரன் வரப்புல குடை பிடிச்சு நிக்க, நம்ம பொண்ணுங்க முழங்காலுக்கு மேல சேலையைச் சொருகிக் குனிஞ்சு நட்டப்போ இந்த மானம் எங்கே போச்சு? ஆம்பளையாள் கூலியவிடக் குறைச்சலாக் கொடுத்தப்போ எங்கே போச்சு? வேலைக்குக் காட்டலாம், பேசுறதுக்குக் காட்டக்கூடாதா? அவன் கண்ணுக்குப் பயந்து நம்ம வாயை நாமே கட்டினா அவனுக்குத்தானே வசதி?

"முதல்ல சாதி ஒழியட்டும், அப்புறம் பெண் பிரச்சினை" என்று இயக்கத் தோழர்கள் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். அம்பேத்கர் 1916இலேயே இந்த வரிசையைக் கலைத்துவிட்டார். பெண்ணைப் பூட்டி வைக்கிறதே சாதிதான் என்றால், பூட்டை அப்படியே வைத்துக்கொண்டு சாதியை எப்படி ஒழிப்பீர்கள்? "எவன் கட்டுவான்" என்ற கேள்விக்குள்ளே அகமணம் முழுசாக உட்கார்ந்திருக்கிறது.

அதனால நான் கேட்கிறது பெருசா ஒண்ணுமில்லே. டிசம்பர் 25க்கு வெண்மணி நாடகம் மறுபடி போடப் போறதா பிள்ளைங்க சொல்றாங்க. அதுல பெண் வேசத்தைப் பெண்களே கட்டணும். வசனம் எடுத்துக் கொடுக்கிறவ முன்னால வரணும். அந்த ஒப்பாரியை எங்க ஊர்ல இன்னும் உசிரோட இருக்கிற நாலு கிழவிங்களை மேடையில உட்கார வச்சு அவங்க வாயாலேயே கேட்கணும். போஸ்டர்ல அவங்க பேரைப் போடணும். ஒத்திகைக்கு வர்ற பொண்ணுங்களை ராத்திரி வீட்டுல கொண்டுவிடுறது மன்றத்துப் பையன்கள் பொறுப்பு. இந்த இதழைப் படிக்கிற மத்த ஊர்த் தோழர்களும் அவங்கவங்க மேடையில யார் சேலையை யார் கட்டுறாங்கன்னு பார்த்து எழுதுங்க. நான் சொன்னது தப்புன்னா அதையும் எழுதுங்க, பதில் சொல்றேன்.

என் தம்பி சம்மதிச்சுட்டான். அவன் பெண்டாட்டி இன்னும் சம்மதிக்கலே. நேத்து ராத்திரி அவகிட்ட அப்பாயி சேலைக் கதையைச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "யோசிச்சுச் சொல்றேன் அண்ணி"ன்னாள். காத்திருக்கேன்.